படர்க்கை

இட்லி மாவு ஏற்றும் வேனுக்கு
ஆண்டுக் காப்புறுதி ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சம் வெள்ளி.
அதைக் கட்டாமல் சாலை வரி புதுப்பிக்க முடியாது.
சாலை வரி இல்லாமல் செனோக்கோ கிடங்கின் கேட்டைத் தாண்டக் கூடாது.
கட்டினேன்,
கத்தியைக் கண்டதும் சங்கிலியைக் கழற்றித் தருகிறவள் மாதிரி.

முப்பத்தாறு பக்கம்.
முழுசாகப் படித்த ஒரே ஆள் நீங்கள்தான் என்று
முகவர் டெரிக் கோ சிரித்தார்.
மாவு அரையும் இரவுகளில் வேறென்ன படிப்பது.

என் வேன் நொறுங்கினால் என்ன கிடைக்கும் என்பது
நான் வாங்கும் திட்டத்தைப் பொறுத்தது.
திருட்டு, தீ, மேலே விழும் மரக்கிளை
எல்லாம் என் விருப்பம், என் பையின் கனம்.
சட்டத்துக்கு அதில் அக்கறை இல்லை.
அது கேட்பது ஒன்றே ஒன்று:
என் சக்கரம் யார் உடம்பைச் சேதப்படுத்துமோ
அந்த ஆளுக்கு ஒரு தாள் இருக்கவேண்டும்.
இல்லாமல் ஓட்டினால் அபராதம், சிறைகூட,
உரிமமும் கையை விட்டுப் போகும்.

மூன்றாம் தரப்பு என்று அச்சிட்டிருந்தார்கள்.
உயர்நிலை இரண்டில் தூங்கி வழிந்த இலக்கண வகுப்பு
இத்தனை வருஷம் கழித்து விழித்துக்கொண்டது.
நான் தன்மை.
எதிரே உட்கார்ந்து பணம் வாங்கும் நிறுவனம் முன்னிலை.
இந்த அறையிலேயே இல்லாதவர் படர்க்கை.
இல்லாதவருக்காகத்தான் இத்தனையும்.
பஸ்ஸுக்கு நிற்கும் நாட்களில்
நானும் யாருடைய தாளிலோ அப்படித்தான்.

படர்க்கை சைக்கிளில் வந்தது.
செவ்வாய்க்கிழமை, காலை ஐந்து நாற்பது,
ஈசூன் அவென்யூ ஏழு, மழை விட்டும் விடாமலும்.
இடப்பக்கம் திரும்பினேன்.
சத்தம் பெரிதாக இல்லை,
மாவு வாளி ஒன்று கவிழ்ந்த அளவுதான்.

எழுந்து நின்றார். நீலச் சட்டை, முழங்கையில் ரத்தம்.
ஓக்கே ஓக்கே, நோ புராப்ளம் என்றார்,
அடிபட்டது நான் என்பது போல.
வேலைக்கு நேரமாச்சு, சூப்பர்வைசர் ஏசுவார்.
என் கைக்கு ஐம்பது வெள்ளி தானாக வந்துவிட்டது.
மனசு கெட்ட வேகத்தில் கணக்குப் போட்டது:
மூன்று வருஷம் இழப்பீடு கேட்காமல் சேர்த்த
இருபது விழுக்காடு தள்ளுபடி.
இருவருக்கும் வசதியான ஒரு பொய்
வேனுக்கும் சைக்கிளுக்கும் நடுவே
எஞ்சினை அணைக்காமல் நின்றுகொண்டிருந்தது.

பேர் என்ன என்று கேட்டேன்.
ஏன் கேட்டேனோ, இன்றும் தெரியவில்லை.
தொஃபாஸல்.
பேர் வந்துவிட்டால் படர்க்கை நிற்காது, எதிரில் வந்துவிடும்.
கை மடங்குதா என்று
என் கையை மடக்கிக் காட்டிக் கேட்டேன்.
அவருடையது மடங்கவில்லை.

ஆம்புலன்ஸ். போலிஸ்.
வளைந்த சைக்கிளையும் தனியாகக் கிடந்த செருப்பையும்
படம் எடுத்தேன்.
இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும்,
பக்கம் பதினொன்று. மூன்று மணி நேரத்தில் சொன்னேன்.
அக்கா, சின்ன அடிதானே என்றார் டெரிக் கோ.
மணிக்கட்டில் முறிவு என்றது எக்ஸ்ரே.

நடந்ததை விவரிக்கவும், நாலு வரி இடம்.
பக்கக் கண்ணாடியில் பார்த்தேன் என்று எழுதலாம்.
பார்த்தேனா?
ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்துக்கு
நாற்பது கிலோ போதுமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.
கடைசியில் அதைத்தான் எழுதினேன், கல்யாணத்தை விட்டுவிட்டு.

அடுத்த ஆண்டு தள்ளுபடி போனது.
ஊசிபோலக் குத்தியது, பொய் சொல்வானேன்.

ஒன்றுதான் இன்னும் தீரவில்லை.
பக்கம் பன்னிரண்டு சொல்கிறது:
எங்கள் அனுமதியின்றிப்
பொறுப்பை ஒப்புக்கொள்ள வேண்டாம்.
ஆம்புலன்ஸ் கதவு மூடுமுன்
மன்னிச்சுக்குங்க என்று சொல்லியிருந்தேன்,
தமிழில்,
அவருக்குத் தெரியாத மொழியில்.
அவர் தலையசைத்தார்.

அது எந்தப் பக்கத்தில் வரும்?